ஸ்ரெல்லா ஊதிய எண்பத்திரண்டு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு தபாற்கந்தோரில் பொதிகளை நிறுத்து முத்திரை ஒட்டுபவள் ஸ்ரெல்லா. வயது முப்பத்தேழு. பின்னேரங்களில் கந்தோர்ப் பெண்கள் வலைப்பந்து பழகும்போது அவள் எறியும் பந்து பத்துக்கு ஒன்பது தடவை வளையத்துக்குள் விழும். ஆட்ட நாளில் மட்டும் கதை வேறு. முதற் பாதியில் வெளுத்து வாங்குவாள். இடைவேளை முடிந்து நடுவர் விசில் ஊதும்போது ஆளைக் காணக் கிடைக்காது. வயிற்றைப் பொத்திக்கொண்டு மலசலகூடத்துக்கு ஓடியிருப்பாள்.

“உவளுக்குப் பயம்” என்று எல்லோரும் சொன்னார்கள். ஸ்ரெல்லாவும் அதையே நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது? பதினாறு வயதில் மாகாண இறுதியாட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள். சாதாரணதரக் கணிதப் பரீட்சையில் கடைசி நான்கு கேள்விகளைத் தொடவேயில்லை. வேலைக்கான நேர்முகத் தேர்வில், “கொஞ்சம் பொறுங்கோ சேர்” என்று எழும்பிப் போய்த் திரும்பி வந்தாள். கல்யாணத்தன்று பூசை நீண்டுகொண்டு போக, முக்காட்டுக்குள் வியர்த்துக் கொட்டியபடி மாதாவைக் கும்பிட்டது எந்த வேண்டுதலுக்காக என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். வலைப்பந்து அணியில் இப்போது அவளை இரண்டாம் பாதிக்குக் கணக்கில் எடுப்பதே இல்லை.

அந்தத் தபாற்கந்தோருக்கு அடிக்கடி வரும் கீர்த்திகா பல்கலைக்கழக வளாகத்தில் மருத்துவம் படிப்பவள். இறுதியாண்டு ஆய்வுக்கு ஆள் சேராமல் அந்தரப்பட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஊசி இல்லை, ரத்தம் எடுக்கிறதில்லை. வெறும் வயித்தோடை வந்து ஒரு இனிப்புத் தண்ணி குடிச்சுப்போட்டு அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஊதினாச் சரி.”

“ஊதுறதோ? குடிச்சுப்போட்டு வாற டிறைவரைப் பொலிஸ் பிடிச்சு ஊதச் சொல்லுற மாதிரியோ?”

“ஓம் அக்கா, அதே மாதிரித்தான்” என்று சிரித்தாள் கீர்த்திகா.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று ஸ்ரெல்லா வளாகத்துக்குப் போனாள். உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்றில் முதலில் ஊதியபோது நான்கு என்று காட்டியது. பிறகு ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தாள் கீர்த்திகா. அளவான இனிப்பு. அரை மணித்தியாலத்தில் ஐந்து. ஒரு மணித்தியாலத்தில் பத்தொன்பது. ஒன்றரையில் நாற்பத்தெட்டு. கீர்த்திகா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்து உட்கார்ந்தாள். இரண்டு மணித்தியாலத்தில் எண்பத்திரண்டு!

“அக்கா! இவ்வளவு ஒருத்தருக்கும் ஏறேல்லை!” கீர்த்திகா துள்ளி எழும்பினாள்.

ஸ்ரெல்லாவுக்கோ துள்ளும் நிலைமை இல்லை. வயிறு பொருமி, உள்ளே கடமுடவென்று உருளத் தொடங்கியிருந்தது. இருபது வருடமாகப் பழகிய அதே உருளல். மலசலகூடத்துக்கு ஓடிப்போய் வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு குழம்பிப் போய் நின்றாள்.

“தங்கச்சி, இண்டைக்கு நான் ஒண்டுக்கும் பயப்பிடேல்லையே!”

“பயமோ? நீங்கள் குடிச்ச தண்ணியிலை பாலிலை இருக்கிற சீனியைத்தான் கரைச்சுத் தந்தனான். வீட்டிலை பால் குடிக்கிறனீங்களோ?”

“ஒவ்வொரு நாளும் இல்லை. வெறும் தேத்தண்ணிதான். மாட்ச் எண்டால் மட்டும் ஒரு மணித்தியாலம் முன்னம்...” ஸ்ரெல்லா விரல்களை ஒவ்வொன்றாக மடித்து எண்ணத் தொடங்கினாள்.

வீட்டில் பால் வாங்குவது பெரிய நாட்களுக்கு மட்டும்தான். ஆட்டம், பரீட்சை, நேர்முகம், கல்யாணம் என்று எது வந்தாலும் அப்பா அடைக்கலநாதன் விடிய எழும்பிச் சைக்கிளில் போய்ப் பசும்பால் வாங்கி வந்து சுண்டக் காய்ச்சி, பெரிய கிளாஸ் முட்ட வார்த்துக் கொடுப்பார். “பெலமாய் இருக்கும் பிள்ளை, ஒரே மூச்சிலை குடி.” புருஷன் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வழக்கத்தை அவள் விடவில்லை.

கீர்த்திகா ஒரு கடதாசியில் இரண்டு வட்டங்களை ஒட்டி வரைந்தாள். “பால்ச்சீனி எண்டது இப்பிடி ரெண்டு சீனி சோடியாய் ஒட்டினது. சிறுகுடலிலை ஒரு நொதியம் இதை வெட்டிப் பிரிச்சால்தான் உடம்பு எடுக்கும். கைக்குழந்தையிலை எல்லாருக்கும் அது தாராளமாய் இருக்கும். வளர வளரக் கனபேருக்குக் குறைஞ்சு போகும். வெட்டாத சீனி பெருங்குடலுக்குப் போனால், அங்கை இருக்கிற பற்றீரியாக்களுக்கு விருந்து. அதுகள் அதை உடைச்சுத் தின்னேக்கை வாயு வரும். அதிலை ஐதரசன் ரத்தத்திலை கலந்து மூச்சோடை வெளியிலை வரும். இந்தக் கருவி அளக்கிறது அதைத்தான். எங்கடை உடம்பு தானாய் ஐதரசன் செய்யாது அக்கா. எண்பத்திரண்டும் உங்கடை பற்றீரியாக்களின்ரை வேலை!”

“அப்ப தயிர்? தயிர் நான் சட்டியோடை சாப்பிடுவன், ஒண்டும் செய்யாதே! அதாலைதான் பாலை நான் நினைச்சும் பாக்கேல்லை.”

“தயிரிலையும் பற்றீரியா இருக்கெல்லே. சீனியிலை ஒரு பங்கை அதுகள் முதலே திண்டு முடிச்சிடும். மிச்சத்தை வெட்டுறதுக்கும் உள்ளை வந்து கை குடுக்கும்.”

ஸ்ரெல்லா விடவில்லை. அடுத்த ஞாயிறு தயிர்ச் சட்டியோடு போய் நின்றாள். ஆய்வில் இல்லாத சோதனை என்றாலும் கீர்த்திகாவுக்கும் ஆசை. மூன்று மணித்தியாலம் ஊதியும் எண் பதினொன்றைத் தாண்டவில்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளைகள் மாதிரிச் சிரித்தார்கள்.

அப்பாவுக்கு அவள் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அப்ப நான்தானே பிள்ளை ஊத்தி ஊத்தித் தந்தனான்” என்றார் அவர்.

“ஐயோ அப்பா, அதை விடுங்கோ! நான் பயந்தாங்கொள்ளி இல்லையாம்! உங்களுக்கு விளங்குதோ? இல்லையாம்!” வீதியில் நின்றுதான் கத்தினாள். பலாலி வீதி பஸ்ஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த ஆட்டம் நெல்லியடியில். அணித்தலைவி றிஸ்வியாவிடம் முழு ஆட்டமும் தன்னை விளையாடவிடச் சொல்லிக் கேட்டாள்.

“வயிறு?”

“அது என்ரை வயிறில்லை, பால். இண்டைக்குக் குடிக்கேல்லை. பிட்டும் கத்தரிக்காய்க் கறியும்தான் சாப்பிட்டனான்.”

றிஸ்வியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “சரி, நில்லு. ஓடினியெண்டால் இனி இந்தப் பக்கம் வரக்கூடாது.”

விசில் ஊத முன்னர் ஸ்ரெல்லாவின் நெஞ்சு படபடவென்று அடித்தது. உள்ளங்கை ஈரமாகியது. அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. பயம் என்றால் இதுதான்! நெஞ்சிலும் கையிலும் இருக்கிறது, வயிற்றில் இல்லை. இதை வைத்துக்கொண்டு ஒருத்தி தாராளமாக விளையாடலாம். கையைப் பாவாடையில் துடைத்தாள், அவ்வளவுதான்.

இடைவேளை முடிந்தது. அவள் வளையத்தின் கீழேயே நின்றாள். மூன்றாம் கால்பகுதியில் எட்டு எறிந்து ஏழு போட்டாள். கடைசிக் கால்பகுதியில் ஐந்து கோல் பின்னால் நின்ற அவர்களின் அணி மெல்ல மெல்ல ஏறி வந்தது. ஒரு கோல்தான் மிச்சம். றிஸ்வியா வீசிய பந்தைப் பாய்ந்து பிடித்துக் குறிபார்த்து எறிந்தாள். பந்து விளிம்பில் சுற்றி, யோசித்து, வெளியே விழுந்தது. நீண்ட விசில். பத்தொன்பதுக்குப் பதினெட்டு. தோல்வி.

ஸ்ரெல்லா தரையில் குந்தியிருந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

“தோத்துப்போட்டு ஏனடி இளிக்கிறாய்?” என்று மூச்சு வாங்கியபடி கேட்டாள் றிஸ்வியா.

“கை பிழைச்சிட்டுது றிஸ்வியா! வெறும் கைதான் பிழைச்சது! கையைப் பழக்கிப் போடலாம்.”

றிஸ்வியாவுக்கு முழுதும் விளங்கவில்லை. ஆனாலும் அடுத்த மாத ஆட்டத்துக்கான பெயர்ப்பட்டியலை அன்றே எடுத்து, நான்கு கால்பகுதிக்கும் ஒரே பெயரை எழுதினாள்.