விரல் பிரித்த மிற்றன்

சித்தியின் தையல் பெட்டியில், நூற்கட்டைகளுக்கு அடியில், ஒரு சிவப்பு மிற்றன் கிடக்கிறது. குளிருக்குப் போடும் கம்பளிக் கையுறை. கட்டைவிரலுக்கு ஓர் அறை, மற்ற நான்கு விரல்களுக்கும் சேர்த்து ஒரே அறை. அப்படித்தான் அது கடையிலிருந்து வந்தது. இப்போது அந்தப் பெரிய அறையில் மூன்று வெட்டுகள், அவற்றின் ஓரங்களில் நெருக்கமான மெஷின் தையல். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் விரல் நுனிகள் கூசும்.

கனடாவின் ஸ்காபரோவில் அது எங்களுக்கு முதல் குளிர்காலம். எனக்கு எட்டு வயது. அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்திலேயே இருந்துவிட, என்னைக் கூட்டி வந்தவர் சித்திதான். உடுப்புத் தொழிற்சாலை ஒன்றில் தைத்துக்கொண்டிருந்தார். தன் கைவேலையில் அவருக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. வகுப்பு ஆசிரியை எனக்கு அந்த மிற்றன் சோடியைக் கொடுத்தனுப்பியபோது சித்தியின் முகம் சுருங்கிவிட்டது.

“உது கைக்குழந்தை முகத்தைப் பிறாண்டாமல் போடுற உறையெல்லோ? எட்டு வயசுப் பிள்ளைக்கு உதைக் குடுத்திருக்கினம். அகதியெண்டால் எதையும் போடுவமெண்ட நினைப்பு.”

அன்று பின்னேரமே வெட்டி, விரல் விரலாகப் பிரித்துத் தைத்துவிட்டார். எனக்கும் பெருமைதான். மறுநாள் பள்ளிக்கூட பஸ் வெகுநேரம் பிந்தியது. இறுக்கமான கம்பளிக்குள் தனித்தனியாக அடைபட்ட விரல்கள் முதலில் நொந்தன. பிறகு நோவே இல்லை. நல்லதென்று நினைத்தேன். வகுப்பில் கழற்றியபோது நுனிகள் மெழுகுபோல வெளுத்திருந்தன.

சித்தி வேலையை அப்படியே விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடி வந்தார். விரல்கள் தப்புமா என்று உடனே சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ஒரே அறைக்குள் சேர்ந்திருந்தால்தான் விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும், பிரித்ததால்தான் விறைத்துப்போயின என்றும் சொன்னார். இளஞ்சூட்டு நீரில் கைகளை வைத்திருந்தார்கள். உணர்வு மெல்ல மெல்லத் திரும்பியபோது நான் வலியில் கத்தினேன். “கத்து ராசா, நல்லாக் கத்து. நொந்தால் விரலுக்கு உயிர் இருக்கு,” என்று சித்தி அழுதார். அவரை அவ்வளவு நேசித்த கணம் வேறில்லை.

விரல்கள் தப்பின. பிழை தன்னுடையதென்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. தன்னிடமிருந்த ஒரே ஸ்வெட்டரின் கைகளை வெட்டி, எனக்கு விரல் பிரியாத மிற்றன் தைத்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க அரைக்கை ஸ்வெட்டரோடு வேலைக்குப் போனார். அதிலிருந்து, குளிர் தொடங்கினால், “விரலைக் காட்டு பாப்பம்,” என்பார். எனக்கு நாற்பது கடந்த பிறகும் விடவில்லை.

போன கிழமை ஊசி தேடியபோது அந்த மிற்றன் மறுபடி கையில் பட்டது.

“இன்னும் ஏன் சித்தி உதை வச்சிருக்கிறியள்? எறியுங்கோவன்.”

“கிடக்கட்டும்.”

பேச்சை மாற்ற, எங்கோ வாசித்ததைச் சொன்னேன். பழைய பிரெஞ்சில் பூனையைச் செல்லமாகக் கூப்பிடும் சொல்லிலிருந்து மிற்றன் என்ற பெயர் வந்திருக்கலாமாம். மெத்தென்ற மயிர்த் தோலில் தைத்ததால் அப்படி ஆகியிருக்கும் என்கிறார்கள். சித்தி சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் அந்த வெட்டுகளைத் தடவிக்கொண்டிருந்தார்.

“பூனைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே, ராசா.”

முப்பது வருடங்களுக்கு மேலாக அவர் பிழையை ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனால் அவர் அந்தப் பிழையை இவ்வளவு காலமும் சுமந்திருக்கிறார். கேட்கும் முன்பே கையை நீட்டினேன். விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் தன் இரண்டு கைகளுக்குள் மூடிக்கொண்டார்.