சுவரில் ஒரு எழுத்துக் குறைகிறது

இரண்டு வருடங்களுக்கு முன், பாடசாலை விடுமுறையில் ஒரு நாள், மெல்பேர்ன் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் நடந்தது இது. மெல்பேர்னிலேயே பிறந்து வளர்ந்த பூர்வகுடிக் கறுப்பினக் கலைஞர்களின் கண்காட்சி. என் பதினாறு வயது மகள் அதைப் பற்றிப் பாடசாலைக்கு எழுத வேண்டியிருந்தது. நாங்கள் இருக்கும் நோபல் பார்க்கிலிருந்து ரயிலில் நானும் தொற்றிக்கொண்டேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பிழை கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. அதற்கு முந்திய வருடம், என் பிறந்தநாளுக்கு மகள் தமிழில் ஒரு வாழ்த்து எழுதித் தந்தாள். அதிலிருந்த மூன்று பிழைகளுக்கும் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் தமிழில் ஒரு வரிகூட எழுதவில்லை. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். சோம்பல் என்றுதான் நினைத்திருந்தேன்.

பூர்வகுடி ஓவியம் என்றால் செம்மண் நிறமும் புள்ளிகளும் என்ற எண்ணத்தோடு உள்ளே போனேன். ஒரு புள்ளியையும் காணவில்லை. டிராம் தரிப்பிடத்தில் நிற்கும் பெண்கள், அடுக்குமாடி வீட்டுக் குசினி, ஒரு படத்தில் கழுவாத பாத்திரங்கள்கூட இருந்தன. இவர்களும் நகரத்துச் சனம்தானே என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒவ்வொன்றாகக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

அப்போதுதான் அந்தப் பெரிய ஓவியம் கண்ணில் பட்டது. ஆள் உயர எழுத்துகளில் ஆங்கிலத்தில் கறுப்பைக் குறிக்கும் 'பிளாக்' என்ற சொல். கடைசி எழுத்துக்கு முன்னால் வரவேண்டிய 'சி'யைக் காணவில்லை.

"பிள்ளை, பிழை விட்டிருக்கினம். இவ்வளவு பெரிசா எழுதிப்போட்டு ஒருத்தரும் பாக்கேல்லையே?"

"அம்மா, ப்ளீஸ், லீவ் இட்."

நான் விட்டால்தானே. பக்கத்தில் நின்ற பெண்ணை அங்கே வேலை செய்பவர் என்று நினைத்து, விரலைக் காட்டிச் சொல்லியே விட்டேன். அந்த ஓவியத்தை வரைந்தவரே அவர்தான். மகள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

அவர் கோபப்படவில்லை. கிழமைக்கு ஒரு டீச்சராவது வந்து இதைச் சொல்வார் என்று சிரித்தார். பிறகு விளக்கினார். சின்ன வயதிலிருந்து அந்தச் சொல்லால்தான் மற்றவர்கள் அவர்களை ஏசினார்களாம். அதனால் ஒரு எழுத்தைத் தாங்களே எடுத்துவிட்டுத் தங்களுடைய சொல்லாக ஆக்கிக்கொண்டார்களாம். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மொழியில் இதை எப்படி எழுதுவீர்கள் என்று அவர் கேட்டார். எழுதிக் காட்ட நான் கையை நீட்டினேன். அவரோ, பார்வையாளர்கள் எழுதித் தொங்கவிடும் அட்டை ஒன்றை எடுத்து மகளிடம் கொடுத்தார். அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு குனிந்து மெல்ல எழுதினாள்: கருப்பு.

வல்லின றகரம் போட்டு 'கறுப்பு' என்று எழுதத்தான் நான் வருடக்கணக்காகப் படிப்பிக்கிறேன். திருத்தம் நுனிநாக்கு வரை வந்துவிட்டது.

"சரியா, அம்மா?" தமிழில் கேட்டாள்.

"ஓம் பிள்ளை, சரி. வடிவா எழுதியிருக்கிறாய்."

தமிழ்நாட்டில் பலர் அப்படி எழுதுவதால் அது முழுப் பொய்யும் இல்லை. அவள் அட்டையைக் கொண்டுபோய்ச் சுவரில் தொங்கவிட்டு, கைபேசியில் படமும் எடுத்துக்கொண்டாள்.

இப்போது ஒரு பிள்ளை எழுதியதை என்னிடம் நீட்டினால் முதலில் அதை முழுதாக வாசிக்கிறேன். சொந்த மகள் எனக்கென்று எழுதித் தந்ததை அப்படி ஒருதரம்கூட வாசிக்கவில்லையே என்ற வெட்கம் மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.