ஆரஞ்சு மிட்டாய்க் கிண்ணங்கள்

இன்று காலை என் மகள் மிட்டாயை உருக்கி, பழம் வைத்துத் தின்னும் கிண்ணங்கள் செய்தாள். வாணலியிலிருந்து எழுந்த வாசனை என்னை, தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான மைசூர் மைன்ஸ் லைன் வீட்டுச் சமையலறையில் கொண்டுபோய் நிறுத்தியது. மூங்கில் தட்டிச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்த அந்த வீட்டு வரிசை இப்போது வெறும் புதர்.

அங்கே அம்மா ஆரஞ்சு மிட்டாயை உருக்கி, நெய் தடவிக் கவிழ்த்த டம்ளர்களின் மேல் ஊற்றுவார். அது வழிந்து இறுகும்போது மெல்லிய விரிசல் ஒலி கேட்கும், கழற்றிப் பிடித்தால் கண்ணாடிபோல் வெளிச்சம் ஊடுருவும். "பழத்த கடைசில போடுடி, தண்ணி வுட்டுக்கும்" என்பார்.

அக்காவைப் பெண் பார்க்க, தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து வந்தவர்களுக்கும் கேசரிக்குப் பதிலாக இதைத்தான் கொய்யாவும் பப்பாளியும் நிரப்பி என்னிடம் கொடுத்தனுப்பினார். மாப்பிள்ளையின் அம்மா கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கிண்ணத்தையும் சேத்துத் துன்னணுமா? உங்க வூட்ல ஏனம் பாத்திரம் இல்லியா?"

வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தட்டேந்தி நின்ற எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "எங்கூட்டு புள்ளைங்களுக்குப் புடிக்கும்னு..." என்று அப்பா முனகினார். குனிந்திருந்த அக்கா சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு அவளும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

"பொண்ணு கலகலன்னு இருக்குது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. சம்பந்தம் அங்கேயே முடிவாயிற்று.

உள்ளே அம்மா மிச்சக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தண்ணீர்க் குண்டானில் போட்டு, அவை கரையும்வரை கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார்.