சாவடியில் பாடிய மூன்று பாட்டு

என் அக்காவின் குரல் கிழக்கே கடல்வரைக்கும் மேற்கே எல்லைச் சாவடிவரைக்கும் பிரசித்தம். காரைக்கால், நிரவி, விழிதியூர், எந்தக் கல்யாண வீடானாலும் அவள் ஊஞ்சல் பாட்டு பாடாமல் பெண்ணும் மாப்பிள்ளையும் ஊஞ்சலை விட்டு இறங்க மாட்டார்கள். அவளும் லேசில் இறங்கவிட மாட்டாள். ஒரு மாப்பிள்ளை பசி தாங்காமல் பாதியில் எழுந்து போனதற்கு மாசக்கணக்கில் கோபமாக இருந்தாள்.

சாவடிக்கு அந்தப் பக்கம் அவளை ஒருத்தருக்கும் தெரியாது. அப்போது எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. பக்கத்து ஊருக்குப் போனாலும் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும்.

இப்படி இருக்கையில், அவள் எழுதிப் போட்டிருந்ததற்குத் திருச்சி ரேடியோவிலிருந்து குரல் தேர்வுக்கு வரச்சொல்லி அக்காவுக்குக் கடிதாசி வந்தது. அத்தான் வீட்டில் ரெண்டு நாள் யோசித்து, "ஒரே ஒரு தடவை போயிட்டு வரட்டும். கிடைச்சா சரி, இல்லேன்னா அந்தப் பேச்சே வேண்டாம்" என்றார்கள். அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. துணைக்கு அப்பாவும் நானும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சாவடி தாண்டும்போது எதையாவது ஒளித்துக் கொண்டுபோகாவிட்டால் சாப்பிட்ட சோறு செரிக்காது. எனக்குத் திருச்சியில் நிச்சயமாகியிருந்தது. வரப்போகிற நாத்தனாருக்கு ஒரு பிரெஞ்சு சென்ட் பாட்டிலைச் சுருதிப்பெட்டியின் துருத்திக்குள் செருகிவிட்டேன். அங்கே எவன் பார்ப்பான் என்று மகா கெட்டிக்காரத்தனம்!

சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கிச் சோதனை போட்டார்கள். அப்பாவை முதலில் விட்டுவிட்டார்கள். அவர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் பிடித்துக் குறட்டைவிட ஆரம்பித்தார்.

"என்ன பெட்டி இது?" என்றார் அதிகாரி.

"சுருதிப்பெட்டிங்க. நான் பாடறவ" என்றாள் அக்கா.

"எங்கே, வாசிச்சுப் பாடுங்க பார்ப்போம்."

அக்கா துருத்தியை அழுத்தினாள். அது பாதியில் மாட்டிக்கொண்டு முனகியது. என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், புரிந்துவிட்டது. பெட்டியைத் தள்ளிவைத்து, "வெறும் குரல்லயே கேளுங்க" என்று ஆரம்பித்தாள்.

அடி அம்மா, என்ன பாட்டு அது! அப்படி அவள் எந்தக் கல்யாணத்திலும் பாடியதில்லை. அதிகாரி தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "இன்னொண்ணு பாடுங்கம்மா" என்றார். மறுத்தால் பெட்டி ஞாபகம் வந்துவிடுமே! பாடினாள். அப்புறம் இன்னொன்று. மூன்றாவது பாட்டின் நடுவில் பஸ் அப்பாவோடு கிளம்பிப் போயிற்று. அக்கா அதைப் பார்த்துக்கொண்டேதான் பாடி முடித்தாள்.

திருச்சிக்கு ரயில் பிடிக்க அடுத்த பஸ்ஸில் நாங்கள் பேரளம் போனபோது, அப்பா மூன்று ரயில் டிக்கெட்டோடு ஸ்டேஷனில் நின்றிருந்தார். ரயில் போய்விட்டது. அடுத்தது போய்ச் சேருவதற்குள் தேர்வே முடிந்துவிடும்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்று கத்தினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையைக் கிள்ளினாள். "சாவடியில ரசிகருங்க விடலப்பா."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பா அந்தப் பக்கம் நகர்ந்ததும் அவள் பாட்டிலை உருவி, காதுக்குப் பின்னால் ரெண்டு சொட்டு தடவிக்கொண்டாள்.

"இதுக்காக ரயிலையே விட்டிருக்கேன், வாசனையாவது பார்க்க வேணாமாடி?" என்று சிரித்தாள். பாவி, சிரித்தாள்!

பிற்பாடு எங்கள் வீட்டிலும் ரேடியோ வந்தது. யாராவது ஒரு பெண் பாடினால் அக்கா கிட்டே நகர்ந்து உட்கார்ந்து தாளம் போட்டுக் கேட்பாள். எழுந்து கொல்லைப்பக்கம் போவது நான்தான்.