பூவோடு நின்ற பாடம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சருக்குப் 'பூ டீச்சர்' என்று பெயர். இருபத்தாறு வருஷமாக இனப்பெருக்கப் பாடத்தைச் செம்பருத்தியோடு முடித்துக்கொண்ட புண்ணியம் அது. மகரந்தம், சூலகம், வண்டு என்று கரும்பலகை கொள்ளாமல் வரைவார். பக்கத்தைத் திருப்பி மனிதர் படம் வந்ததோ இல்லையோ, தொண்டை கட்டிக்கொள்ளும். "மிச்சத்தை வீட்டுல படிச்சுக்கோங்க!" வீட்டிலோ, "அதெல்லாம் பள்ளிக்கூடத்துல சொல்லித் தருவாங்க" என்பார்கள். பாவம், வண்டுக்குத் தெரிந்த அளவுகூடத் தெரியாமல் பிள்ளைகள் பாஸாகிப் போனார்கள்.

காலம் சும்மா இருக்குமா? முதலில் ஒரு நர்ஸம்மா வந்தார். பெண்களை மட்டும் ஓர் அறையில் உட்காரவைத்து, ஜன்னலைச் சாத்தி, அரை மணி நேரம் குசுகுசுத்துவிட்டுப் போனார். பையன்களுக்குப் பந்து. அப்புறம் ஒரு படம் போட்டார்கள். முக்கியமான கட்டத்தில் டீச்சரே திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். இந்த வருஷம் வந்த உத்தரவுதான் இடி. ஏழாம் வகுப்பில் ஆண், பெண் எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும். பெயர் போடாமல் சீட்டில் கேள்வி எழுதிப் பெட்டியில் போடலாம். டீச்சர் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும்!

"ரிட்டயர் ஆக ரெண்டே வருஷம். அதுக்குள்ள எனக்கு இந்த அக்கப்போரா?" என்று கணவரிடம் புலம்பினார்.

"ரெண்டு பிள்ளை பெத்தவதானே நீ?" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அது வேற, இது வேற!"

டீச்சர் ஒரு தந்திரம் வைத்திருந்தார். சீட்டுகளை வாங்கிக்கொண்டு பையன்களை மட்டும் விளையாடத் துரத்திவிடுவது. யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? "பசங்க எல்லாம் கிரவுண்டுக்குப் போங்க" என்று வகுப்பில் சொல்லியும் ஆகிவிட்டது. ஹோவென்று எழுந்தார்கள். அந்த இரைச்சலில் முதல் சீட்டைப் பிரித்தார்.

'அக்கா தூரமாயிட்டான்னு அம்மா போன்ல சொன்னாங்க. பாத்ரூம்ல ரத்தம் பார்த்தேன். அக்கா எங்க போகப்போறா? செத்துடுவாளா? கேட்டா எல்லாரும் என்னை வெளியே போய் விளையாடச் சொல்றாங்க.'

டீச்சர் சீட்டை மடித்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டேய், நில்லுங்க! எல்லாரும் வந்து உட்காருங்க."

சீட்டை அவர் படித்துக் காட்டவில்லை. படித்தால் எழுதியவன் யாரென்று தெரிந்துவிடும். கரும்பலகையில் 'மாதவிடாய்' என்று எழுதினார். பிறகு வாயாலும் சொன்னார்.

"இதைச் சில வீடுகள்ல 'தூரம்'னு சொல்லுவாங்க. யாரும் எங்கேயும் போறதில்ல. இது நோயும் இல்ல, காயமும் இல்ல. பொண்ணுங்க வளரும்போது மாசாமாசம் வரும், நாலஞ்சு நாள்ல நின்னுடும். இதால யாரும் சாகறதில்ல."

முன்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று கருப்பையையும் வரைந்தார். அது அசப்பில் மாட்டுத் தலை மாதிரி வந்தது.

கடைசி பெஞ்சில் ஒருவன் கையைத் தூக்கினான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அப்போ... சாயந்திரம் நான் வீட்டுக்குப் போறப்போ எங்க அக்கா இருப்பாளா டீச்சர்?"

"இருப்பாடா கண்ணு. நாளைக்கும் இருப்பா."

அவன் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. இவனையும் பந்தாட அனுப்பியிருப்பேனே என்று டீச்சருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.