தாடி வைத்த சக்களத்தி

என் சக்களத்திக்குத் தாடி உண்டு. சவூதிக்காரர். ஜித்தாவில் பிறந்து, வியாபாரத்தில் கொழித்து, ஸ்விட்சர்லாந்தில் ஏரிக்கரை மாளிகையில் குடியேறியவர். மலாயாவில், தம்பினுக்குப் பக்கத்தில் நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் பங்கு வாங்கியிருந்தார். வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்தபோது ஒருமுறை அதைப் பார்க்க வந்து, மானேஜர் பங்களாவில் தங்கினார். அவருக்குக் கார் ஓட்டியது என் வீட்டுக்காரர். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

ஹஜ்ஜுக்கு வரும் மலாய்க்காரர்களோடு ஜித்தாவில் பழகிப் பழகி, அவருக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. என்னிடம் நாலு வார்த்தை பேச வாய் வலிக்கும் என் வீட்டுக்காரருக்கு, அவரோடு நாளெல்லாம் பேச்சு. ராத்திரி வீட்டுக்கு, சட்டையில் அந்த ஆளின் அத்தர் மணக்க வந்து நிற்பார். அந்த ஆள் பெண்ணாக இருந்திருந்தால் கொண்டையைப் பிடித்து இழுத்திருப்பேன்.

"அவரு வீட்டுல குழாயைத் திருகுனா சுடுதண்ணி வருதாம் புள்ள. கார் மட்டும் மூணாம்லா. சம்சாரத்துக்குத் துணி எடுக்க பாரிசுக்குப் போவாங்களாம்."

"எனக்கு பாசாருக்குப் போக மாத்துச் சேலை இல்ல. அதையும் அவருகிட்ட சொல்றதுதானே?"

காதில் விழவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. காரும் சுடுதண்ணீரும் போகட்டும். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என்னைப் பற்றி இவர் யாரிடமாவது இப்படி வாயெல்லாம் பல்லாகப் பேசியிருப்பாரா?

சவூதிக்காரர் கிளம்புவதற்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் வந்து சொன்னார்: "ஊருக்குப் போயி ஆள் அனுப்புறேன்னாரு. அங்கயும் அவரு காரை நான்தான் ஓட்டணுமாம்."

"அப்ப நானு?"

"நீ இங்கன இரு. பிறகு பாப்போம். வழிக்கு உன் புளிச்சோறு கட்டித் தா. அவருக்குத் திங்கணுமாம்."

நெடுவழி என்றால் புளிச்சோறு கட்டாமல் எங்கள் ஆட்கள் வாசல் தாண்டமாட்டார்கள். ஆனால் அது வேறு காலம். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, தோட்டத்தைச் சுற்றிய முள்வேலிக்கு வெளியே ஒரு பருக்கை கொண்டுபோனாலும் பிடித்து உள்ளே போட்டார்கள்.

"கேட்டுல புடிச்சா?"

"முதலாளி காரை எவன்லா தொறந்து பாப்பான்?"

என் புருஷனும் வேண்டும், என் கைச்சோறும் வேண்டுமா அவருக்கு? கறுவிக்கொண்டேதான் கிளறினேன். ஆனாலும் நல்லெண்ணெயைக் குறைக்கவில்லை. என் கை எப்படிப்பட்டது என்று தெரியட்டும் என்ற வீம்பு.

காலையில், பால்மரம் வெட்டிப் பாலெடுக்கப் போகும் பெண்களோடு நானும் கேட்டில் சோதனைக்கு நின்றேன். கார் வந்தது. காவலுக்கு அன்று புதுப் போலீஸ்காரன். கதவைத் திறந்து, சீட்டுக்கடியில் கைவிட்டு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தான். யாருடையது என்று மலாயில் கேட்டான். சவூதிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தா தாவு," என்றார். தெரியாதாம்.

"பொய்லா! அவரு கேட்டதுலா அது!" என்று கத்தினேன். என் தமிழை யார் கேட்டார்கள்? ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஓடிவந்து, சவூதிக்காரரோடு காரை ஓட்டிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரரை லாரியில் ஏற்றினார்கள்.

தம்பின் போலீஸ் ஸ்டேஷனில், கம்பிக்குப் பின்னால் முகம் கறுத்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை முட்டியது. கூடவே ஒரு ஆறுதலும் இருந்தது. இனி அந்த ஆளின் பேச்சு வீட்டில் எழாது, என் மனுஷன் எனக்குத்தான் என்று நினைத்தேன்.

எழுந்து கம்பியருகே வந்தார்.

"முதலாளி ஏரோப்ளேனைப் புடிச்சிட்டாரா புள்ள? பாவம், நேரமாயிடுச்சு அவருக்கு. ஆள் அனுப்புனா, நான் இங்க இருக்கேன்னு மறக்காம சொல்லிரு."