மாடியில் நடந்த பாட்டு வகுப்பு

ஆறாம் வகுப்பில் பாட்டு டீச்சர் எங்களை ஒவ்வொருவராக எழுப்பி ஒரு வரி பாடச் சொன்னார். என் குரல் பாதியிலேயே உடைந்தது. "சரி, உக்காரு" என்றார். உட்கார்ந்தவள்தான். தேர்வான பதினைந்து பேர் புதன்கிழமை கடைசிப் பீரியடில் மாடிக்குப் போவார்கள். மற்றவர்கள் கீழே கணக்குப் போடுவோம். கூரை வழியாக அவர்கள் பாடுவது கேட்கும். பாட்டுப் படிக்க வீட்டில் கீபோர்டு வேண்டும், அதை வாங்கித் தர அப்பா கல்ஃபில் இருக்கவேண்டும், அதெல்லாம் நமக்கானதல்ல என்று பேசிக்கொள்வோம். உண்மையில் எனக்குப் பொறாமைதான்.

என் பக்கத்தில் இருந்தவள் முட்டம் கடற்கரையிலிருந்து வருகிறவள், முட்டத்துக்காரி. ஞாயிறுதோறும் மாதா கோவில் பாடகர் குழுவில் பாடுகிறவள். தேர்வு நடந்த அன்று காய்ச்சலில் படுத்திருந்ததால் அவளுக்கும் மாடி கிடைக்கவில்லை.

நாங்கள் பிளஸ் ஒன் படிக்கும்போது புதிதாக வந்த தலைமையாசிரியை, பாட்டு வகுப்பில் சேராதவர்களுக்கு மட்டும் ஒரு தாள் கொடுத்து, பாட்டு வகுப்பு தேவையா என்று எழுதச் சொன்னார். "நேர விரயம்" என்று எழுதினேன். முட்டத்துக்காரி எட்டிப் பார்த்தாள்.

"பொய்தானே எழுதியிருக்க?"

"நீ என்ன எழுதின?"

தாளைத் திருப்பிக் காட்டினாள். 'எங்களுக்கும் சொல்லித் தாருங்கள். மேடையில் ஏற்றவேண்டாம்' என்று இருந்தது.

அடுத்த வாரம் பாட்டு டீச்சரே முட்டத்துக்காரியின் தாளோடு வகுப்புக்கு வந்தார். "போட்டிக்குப் பிள்ளை தேடித் தேடி, மிச்சம் பேரை நான் மறந்தே போனேன்" என்றார். இனி வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் பாட்டு வகுப்பு, விருப்பமுள்ளவர்கள் வரலாம், தேர்வு கிடையாது என்றார்.

முதல் வெள்ளி நான் போகவில்லை. இரண்டாம் வெள்ளி முட்டத்துக்காரி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பயப்படுதியாட்டி? அங்க எல்லாருக்கும் தப்புதான் வருது."

உண்மைதான். சாம்பார் வாசம் அடிக்கும் கூடத்தில் முப்பது பேர் முப்பது விதமாகப் பாடிக்கொண்டிருந்தோம். என் குரல் அன்றும் உடைந்தது. டீச்சர் நிறுத்தாமல் கையால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். அந்த வரியை நான் முடித்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பாட்டின் ஒரு வரி.

பிளஸ் டூ வந்ததும் அந்த வெள்ளிக்கிழமையைத் திருப்புதல் தேர்வு எடுத்துக்கொண்டது. முட்டத்துக்காரி நர்சிங் படிக்கப் போனாள். நான் இப்போது தக்கலையில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். இன்றும் சுருதி சேராது. ஆனால் காலை பஸ்ஸில் பாட்டு ஓடும்போது, பாடுகிற குரலுக்கு அடியில் அந்தப் பாட்டிலேயே இன்னொரு குரல் தாழ்வாகக் கூடவே நடப்பது கேட்கிறது. அந்தச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும்முன் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. சில நாள் அதைக் கேட்டுக்கொண்டே இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு, வெயிலில் திரும்பி நடந்திருக்கிறேன்.